எல்லைக்கல் எங்கே?

அரை ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஏழையைக் கேளுங்கள். எல்லைக்கல் என்றால் என்ன என்பதை விளக்கமாகச் சொல்வான். வரப்பு ஒரு முழம் நகர்ந்தால் வாய்த்தகராறு. வாய்த்தகராறு முற்றினால் கைகலப்பு. கைகலப்புக்குப் பிறகு காவல் நிலையம். அதற்கும் பிறகு கோர்ட்டு, வக்கீல், வாய்தா, வட்டிக்கடன்! ஒரு முழ மண்ணுக்காக ஒரு தலைமுறையே கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்த குடும்பங்கள் மதுரைச் சீமையிலே எத்தனையோ உண்டு.

சட்டமும் அந்த ஏழையிடம் கண்டிப்பாகத்தான் பேசுகிறது. உன் நிலத்து அளவைக் கல்லைக் காப்பது உன் கடமை என்று 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம் சொல்கிறது. அரசு ஊழியர் நட்ட எல்லைக் குறியை அழித்தாலும் நகர்த்தினாலும் ஓராண்டு வரை சிறை என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 434ஆம் பிரிவு எச்சரித்தது. சட்டத்தின் பெயர் மாறிவிட்டது. குற்றம் குற்றமாகவே இருக்கிறது.

கண்டிப்பு கூடாது என்று நாம் சொல்லவில்லை. கல்லை நகர்த்துவது களவுதான். நாம் கேட்பது ஒன்றே ஒன்று: ஒரு முழ வரப்பை நகர்த்தும் உழவனிடம் காட்டுகிற கண்டிப்பை, ஒரு மலையையே நகர்த்துகிற முதலாளியிடம் காட்டியது உண்டா?

ஏட்டைப் புரட்டினால், உண்டு என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த ஏட்டைத் தோழர்கள் ஒருமுறை படிக்கவேண்டும். சட்டம் படிப்பது வக்கீலின் வேலை என்று நாம் ஒதுங்கி நின்றதால் இலாபம் அடைந்தவர்கள் யார் என்பதை மேலூர்ப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும்.

கனிமம் தோண்டுவதற்குத் தாய்ச்சட்டம் 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம். குத்தகை இல்லாமல் எவனும் தோண்டக்கூடாது என்பது அதன் 4ஆம் பிரிவு. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது 2015இல் திருத்தப்பட்ட 21ஆம் பிரிவு. முறைகேடாக எடுத்த பொருளையோ, விற்றுத் தீர்ந்திருந்தால் அதன் விலையையோ மீட்டுக் கொள்ளலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒடிசாவின் தாது வழக்கில் 2017 ஆகஸ்டு 2ஆம் நாள் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், விலையில் ஒரு பங்கை வாங்கினால் போதாது, முழு விலையையும் வாங்கவேண்டும் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட்டது.

சரி, குத்தகை வாங்கியவன் எங்கே தோண்டலாம், எங்கே தோண்டக்கூடாது என்பதை யார் கண்டு சொல்வது? அதற்குத்தான் எல்லைத்தூண். இரும்பு, சுண்ணாம்புக்கல், டங்ஸ்டன் போன்ற பெருங்கனிமங்களுக்கு 2016ஆம் ஆண்டின் சலுகை விதிகள் அந்தத் தூணுக்கு அங்க இலக்கணமே எழுதி வைத்திருக்கின்றன. குத்தகை நிலத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு தூண். மூலைக்கும் மூலைக்கும் நடுவே இடைத்தூண்கள். ஒரு தூணருகே நின்றால் அடுத்த தூண் கண்ணுக்குத் தெரியவேண்டும். இரண்டுக்கும் இடையே 50 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் வார்த்திருக்கவேண்டும். மூலைத்தூணின் உயரம் 1.30 மீட்டர், அதில் 0.70 மீட்டர் தரைக்கு மேலே, 0.60 மீட்டர் தரைக்குள்ளே. உடம்பு முழுதும் மஞ்சள் வண்ணம், உச்சியில் பத்து சென்டிமீட்டர் சிவப்பு. கடிகாரம் சுற்றும் திசையில் வரிசை எண். மொத்தம் எத்தனை தூண், இது எத்தனையாவது என்பதையும் அதிலேயே பொறிக்கவேண்டும். மூலைத்தூணிலே அட்சரேகை, தீர்க்கரேகையையும் குறிக்கவேண்டும்.

ஒரு ஹெக்டேர் சதுர நிலத்தை எடுத்துக் கொள்ளுங்கள். மூலைக்கு ஒன்றாக நான்கு, பக்கத்துக்கு ஒன்றாக நான்கு, ஆக எட்டுத் தூண்கள். முதல் தூணில் எட்டில் ஒன்று என்றும், கடைசித் தூணில் எட்டில் எட்டு என்றும் எழுதியிருக்கும். ஒரு தூணைப் பிடுங்கி எறிந்தால், ஆடு மேய்க்கும் சிறுவன்கூட எண்ணிப் பார்த்து, ஏழுதான் இருக்கிறது, எட்டாவது எங்கே என்று கேட்டுவிடுவான். அந்தச் சிறுவன் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் சட்டம் மஞ்சளும் சிவப்பும் பூசச் சொல்லியிருக்கிறது!

கருங்கல்லும் கிரானைட்டும் சிறு கனிமம் என்ற வகையில் சேர்ந்தவை. அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தைத் தாய்ச்சட்டத்தின் 15ஆம் பிரிவு மாநிலத்துக்குக் கொடுத்திருக்கிறது. நமக்கு 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் இருக்கின்றன. மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் புதிய குவாரிக்குக் குத்தகை கிடையாது. பக்கத்துப் பட்டா நிலத்திலிருந்து 7.5 மீட்டரும் புறம்போக்கிலிருந்து 10 மீட்டரும் விட்டுத்தான் வெட்டவேண்டும் என்று குத்தகை ஆணைகளில் நிபந்தனை எழுதுவது வழக்கம். மத்திய தொல்லியல் துறை காக்கும் சின்னமாயிருந்தால், 100 மீட்டர் வரை தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. எல்லைக்கல் நட்டு அதைக் காப்பது, எந்தக் கனிமமானாலும், குத்தகைக்காரனின் செலவு, குத்தகைக்காரனின் பொறுப்பு.

ஏடு இவ்வளவு சொல்கிறது. நாடு என்ன சொல்கிறது?

மேலூர் வட்டத்திலே கீழவளவு, கீழையூர் என்று ஊர்கள் இருக்கின்றன. கீழவளவின் பஞ்சபாண்டவர் மலையிலே இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளும், தமிழின் தொன்மையைச் சொல்லும் எழுத்துகளும் இருக்கின்றன. அந்த மலையைச் சுற்றிலும் கிரானைட் குவாரிகள் சூழ்ந்தன. 2012 மே மாதம், அப்போது மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த உ. சகாயம், அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். முறைகேடாக வெட்டியதால் அரசுக்கு நேர்ந்த இழப்பு 16,338 கோடி ரூபாய் என்று அவர் கணக்கிட்டிருந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் செய்தி வெளியே வந்தபோது நாடே திடுக்கிட்டது. 2014 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் விரிவான அறிக்கையை ஒப்படைத்தார்.

எந்த மனிதன் குற்றவாளி என்று கூறுவது நீதிமன்றத்தின் வேலை. அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் குற்றச்சாட்டின் சாரத்தை ஊரே அறியும். அனுமதி வாங்கியது ஒரு புல எண்ணுக்கு, வெட்டியது அடுத்த புல எண்ணிலும் என்பதுதான் அது. பட்டாவில் தொடங்கியது புறம்போக்கில் புகுந்தது. புறம்போக்கில் புகுந்தது கண்மாயையும் வாய்க்காலையும் விழுங்கியது. கழிவுக்கல் குவியல் மடையை மூடியது. எல்லைக்கல் நின்ற இடத்திலே பள்ளம் விழுந்துவிட்டால், பிறகு எதை வைத்து அளப்பது? கல்லை வெட்டி விற்றவன், அதோடு சாட்சியையும் சேர்த்து விற்றுவிடுகிறான்!

இரவில் சுவர் ஏறிக் குதிப்பவனைத் திருடன் என்கிறோம். மலை அப்படித் திருடு போவதில்லை. பட்டப்பகலிலே, லாரி ஓட, கிரேன் ஆட, கையிலே நடைச்சீட்டு இருக்க, ஊர் பார்த்துக் கொண்டிருக்கும்போதே போகிறது. சீட்டு உண்மைச் சீட்டாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கல் சீட்டிலே எழுதிய நிலத்தில்தான் வெட்டப்பட்டதா என்பதை, எல்லைத்தூண் ஒன்றுதான் சொல்ல முடியும். ஆகவேதான் தூண் முதலில் காணாமற் போகிறது.

இப்படி எடுப்பது வெறும் விதிமீறல், அபராதம் கட்டினால் தீர்ந்தது என்று வாதாடிய காலம் ஒன்று இருந்தது. 2014 செப்டம்பரில் ஆற்றுமணல் வழக்கொன்றிலே உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அனுமதியின்றிக் கனிமத்தை எடுத்துச் செல்வது திருட்டுக் குற்றமும் ஆகும், காவல்துறை வழக்குப் பதியலாம் என்று தீர்ப்புக் கூறியது. கோழி திருடினாலும் குன்றைத் திருடினாலும் திருட்டு திருட்டுதான் என்று ஏழை வெகுகாலமாகச் சொல்லி வந்ததை, சட்டம் சற்றுத் தாமதமாக ஒப்புக்கொண்டது.

உலகம் இதை எப்படிப் பார்த்தது என்பதையும் தோழர்கள் அறிவது நல்லது. அமெரிக்காவிலே 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு நிலத்தில் கனிமம் கண்டவன் எல்லையைக் குறித்து, அறிவிப்பு ஒட்டி, பதிவு செய்து உரிமை கோரலாம். பாறைக்குள் ஓடும் நரம்புக் கனிமமானால் 1,500 அடி நீளம், 600 அடி அகலம் வரை. முளை அடித்தவனுக்கே முதல் உரிமை என்பது அங்கே கொள்கை. அந்த மண்ணிலே அதற்கு முன் வாழ்ந்த செவ்விந்தியனை யாரும் கேட்கவில்லை. அவனிடம் முளையும் இல்லை, பதிவுப் புத்தகமும் இல்லை! ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டிலே தங்கம் தோண்டிய உழைப்பாளிகள், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதந்தோறும் உரிமக் கட்டணம் கட்டு என்ற கொடுமையை எதிர்த்து 1854 டிசம்பர் 3இல் யுரேக்கா அரணிலே நின்றார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் உயிர் கொடுத்தார்கள். மறு ஆண்டே அந்த உரிமமுறை ஒழிந்தது. ஆண்டுக்கு ஒரு பவுன் கட்டணத்தில் சுரங்க உரிமைச் சீட்டு வந்தது. வாக்குரிமையும் அதோடு வந்தது.

நம் நாட்டு முறை வேறு. இங்கே முளை அடிப்பதால் உரிமை வராது. குத்தகை வாங்கிய பிறகுதான் முளை அடிக்கவேண்டும். அது நல்ல முறைதான். ஆனால் குத்தகையை யார் கொடுப்பது, யாரைக் கேட்டுக் கொடுப்பது என்ற கேள்வி அதன் பின்னே நிற்கிறது. அந்தக் கேள்விக்கு அரிட்டாபட்டி பதில் சொல்லியது.

அரிட்டாபட்டி! ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். பாண்டியர் காலக் குடைவரை, தமிழி எழுத்து, வல்லூறுகள், ஊற்றுகள், கண்மாய்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193.215 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்த மீனாட்சிபுரத்து மலையிலேதான், நெடுஞ்செழியன் பெயரைச் சொல்லும் மாங்குளம் கல்வெட்டுகள் இருக்கின்றன. அடுத்த ஆண்டே டில்லி, தாய்ச்சட்டத்தைத் திருத்தியது. டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் 2023 முதல் டில்லிக்கே என்று ஆக்கிக் கொண்டது. நிலம் நம்முடையது, நீர் நம்முடையது, வெளியேற வேண்டியவன் நம்முடையவன்; ஏலச் சுத்தி மட்டும் டில்லியின் கையில்!

2024 நவம்பர் 7இல் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தைத் தேர்ந்த ஏலதாரராக அறிவித்தார்கள். பரப்பு 2,015.51 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறத்தாழ 5,000 ஏக்கர். அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி, எட்டிமங்கலம் என்று ஊர் ஊராக அந்தக் கோட்டுக்குள் அகப்பட்டன. டில்லியிலே மேசை மீது கோடு போட்டார்கள். அந்தக் கோடு மேலூரிலே அடுப்பங்கரை வழியாகப் போயிற்று.

மக்கள் என்ன செய்தார்கள்? கிராம சபை கூட்டினார்கள், தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9இல் தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24இல் டில்லி சற்றே இறங்கிவந்து, பல்லுயிர்த் தலத்தை விட்டுவிட்டு எல்லையை மறுபடி ஆராயச் சொல்கிறோம் என்றது. கவனியுங்கள் தோழர்களே, எல்லையை ஆராய்கிறோம் என்றது! கண்மாயை விட்டுவிட்டு வயலை எடுத்துக் கொள்கிறோம், மலையை விட்டுவிட்டு மனையை எடுத்துக் கொள்கிறோம் என்பது அதன் பொருளாக முடிந்திருக்கும். உழவர் அதற்கு ஏமாறவில்லை. 2025 சனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஆயிரம் ஆயிரமாய் நடந்து வந்தார்கள். ஆணும் பெண்ணும், முதியவரும் சிறுவரும் வந்தார்கள். கண்ணகி நீதி கேட்ட ஊரிலே கால்நடையாக வந்து நீதி கேட்டார்கள். சனவரி 23இல் டில்லி அந்த ஏலத்தையே இரத்துச் செய்தது.

இது வெற்றி. ஆனால் வெற்றியைக் கொண்டாடிவிட்டு உறங்கினால், சட்டம் உறங்காது. 24 கனிமங்களின் ஏல அதிகாரம் டில்லிக்கு என்று 2023இல் எழுதிய எழுத்தை, இந்த இரத்து ஆணை அழித்துவிடவில்லை. ஒரு தொகுதி போயிற்று; ஏலம் விடும் கை அப்படியே இருந்தது. மாநில சுயாட்சி மேடைப் பேச்சுக்கு இனிமையான தலைப்பு என்று எண்ணுவோர், மேலூர் உழவனிடம் போய் விளக்கம் கேட்கட்டும். 2024 சூலை 25இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிம உரிமை மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வரி போடும் உரிமை நமக்கு உண்டென்றால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நமக்கு வேண்டும். அதுதான் நம் கோரிக்கை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். டங்ஸ்டனுக்கு டில்லியைக் கேட்கிறோம். கிரானைட்டுக்கு யாரைக் கேட்பது? அந்த அதிகாரம் சென்னையிலே இருக்கிறது. உரிமை கேட்கும் மாநிலம், கையில் இருக்கிற உரிமையை ஒழுங்காகப் பயன்படுத்திக் காட்டவேண்டும். எந்தக் கட்சி கோட்டையில் அமர்ந்திருந்தாலும், இந்தக் கேள்வியிலிருந்து அதற்கு விடுதலை கிடையாது. எல்லைத்தூண் இல்லாத குவாரி ஒன்று தமிழ்நாட்டிலே இயங்கும் வரை, சுயாட்சி முழக்கத்தின் குரல் கம்மிப் போகும்.

குவாரியில் உளியும் கம்பரசரும் பிடிக்கும் தொழிலாளத் தோழனுக்கும் ஒரு வார்த்தை. எல்லைப் பிரச்சினை முதலாளிக்கும் சர்க்காருக்கும் நடுவே உள்ள வழக்கு, நமக்கென்ன என்று எண்ணாதே. எல்லைக்கு உள்ளே அகலமாக வெட்ட இடமில்லாதவன் ஆழமாக வெட்டுகிறான். படிப்படியாக இறங்கவேண்டிய பள்ளத்தைச் சுவராக இறக்குகிறான். படியின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையக்கூடாது என்பது 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை. அந்தப் படி இல்லாத சுவரின் அடியிலே நிற்பவன் முதலாளி அல்லன், நீ! 2025 மே 20இல் சிவகங்கை மாவட்டத்து மல்லாக்கோட்டையிலே பாறை சரிந்து ஐவருக்குக் குறையாத தொழிலாளர் மாண்டனர். எந்தக் குவாரியானாலும், எல்லையும் படியும் அளவாக இருக்கிறதா என்று கேட்பது, கூலி கேட்பதற்குச் சமமான உரிமை. சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுத உனக்குக் கையெழுத்து ஒன்று போதும்.

இனி, செய்யவேண்டியது என்ன?

உங்கள் ஊரில் குவாரி இருந்தால், அதன் புல எண் என்ன, பரப்பு என்ன, குத்தகை முடியும் நாள் எது என்று தகவல் உரிமைச் சட்டப்படி கனிமவளத் துறையைக் கேளுங்கள். குத்தகை வரைபடத்தின் நகலை வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் அடங்கலும் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். பிறகு பகலிலே, நாலு பேர் சேர்ந்து, பொதுவழியில் நின்று தூண்களை எண்ணுங்கள். அத்துமீறி உள்ளே நுழையாதீர்கள். சட்டத்தைக் காக்கப் போகிறவன் சட்டத்தை மீறக்கூடாது. தூண் குறைந்தால் மனு எழுதுங்கள். மனுவுக்குப் பதில் இல்லையானால் கிராம சபையிலே தீர்மானம் போடுங்கள். சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்கள் அதற்கென்றே குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆறு நாளும் கொடியேற்றிக் கற்கண்டு கொடுப்பதற்கு மட்டும் ஏற்பட்டவை என்று யார் சொன்னது?

ஊர் எல்லையிலே கருப்பன் காவல் நிற்கிறான், அரிவாளோடு நிற்கிறான் என்று நம் பாட்டன் நம்பினான். கருப்பன் கண்ணெதிரே குன்று கரைந்தது, அரிவாள் அசையவில்லை. காவல் தெய்வத்தை நம்பியது போதும். காவல் காக்கவேண்டியவர்கள் நாம்தான். நமக்கு அரிவாள் வேண்டாம்; அளவுநாடா போதும், வரைபடம் போதும், கேட்கும் துணிவு போதும்.

உழவனின் வரப்புக்கு ஒரு நீதி, உடைமைக்காரனின் குவாரிக்கு ஒரு நீதி என்பதை இனியும் பொறுப்பதற்கில்லை. ஊர்தோறும் கேட்போம், அலுவலகம்தோறும் கேட்போம், தூணைக் கண்ணாரக் காணும் வரையில் கேட்போம்:

எல்லைக்கல் எங்கே?